தீப்பெட்டி என்றொரு நாணயம்

கடையில் நிற்கிறீர்கள். பொருளின் விலை ஒன்பது ரூபாய். பத்து ரூபாய்த் தாளை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் கல்லாப்பெட்டியை இழுத்து, கையை விட்டுத் துழாவுகிறார். ''சில்லறை இல்லையே சார்...'' என்றபடி பாட்டிலைத் திறந்து ஒரு சாக்லேட்டை எடுத்து வைக்கிறார். உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. சரி, மறுநாள் ஒரு ரூபாய்க்குப் பதிலாக அதே சாக்லேட்டை நீங்கள் நீட்டினால் வாங்கிக்கொள்வாரா? மாட்டார்!

கோவில்பட்டிப் பக்கம் இதற்கு வேறொரு வழி இருந்தது. தீப்பெட்டி எட்டணாவுக்கு விற்ற காலத்தில், எட்டணா பாக்கி தரவேண்டி வந்தால் பெட்டிக்கடை அண்ணாச்சி ஒரு தீப்பெட்டியை நகர்த்தி வைப்பார்.

''என்ன அண்ணாச்சி, துட்டுக்குப் பதிலா இதைத் தாரீக?''

''வீட்ல அடுப்பு எரியத்தானே செய்யுது... வச்சுக்கோங்க தாயி!''

அதற்கு மேல் யாரும் சண்டை போட்டதில்லை. காரணம், தீப்பெட்டியின் விலையும் ஒரு நாணயத்தின் மதிப்பும் சரியாக ஒன்றாக இருந்தன. இது தற்செயல் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

முதலில் அந்தத் 'துட்டு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1658-ல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அவர்களுடைய சின்னச் செப்புக்காசின் பெயர் 'டுய்ட்'. அதுதான் நம் வாயில் துட்டாக மாறியது என்கிறார்கள் சொல் ஆராய்ச்சியாளர்கள். டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள். துட்டு மட்டும் கரிசல் காட்டில் தங்கிவிட்டது!

சில்லறைத் தட்டுப்பாடும் புதிய விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெள்ளிக்கும் செம்புக்கும் கிராக்கி வந்தது. காசைவிட அதிலிருக்கும் உலோகம் பெரிது என்று ஜனங்கள் பதுக்க ஆரம்பித்தார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்த்து வைப்பது குற்றம் என்று 1940-ல் வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்தது. அதே வருடம் ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டு வந்தது. அப்படியும் சமாளிக்க முடியவில்லை. குஜராத், ராஜஸ்தான் பக்கத்து சமஸ்தானங்கள் சில, காசுக்குப் பதிலாகச் சின்ன அட்டைக் கூப்பன்களை அடித்துப் புழக்கத்தில் விட்டன. 1943-ல் பிரிட்டிஷ் அரசு கண்டுபிடித்த உபாயம்தான் நம் தாத்தாக்கள் சொல்லும் 'ஓட்டைக் காலணா'. நடுவில் துளை போட்டால் உலோகம் மிச்சம்! பழைய காலணாவில் இருந்த உலோகத்தில் பாதிகூட இதில் இல்லை.

அடுத்த குழப்பம் 1957 ஏப்ரல் 1-ம் தேதி வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அதாவது 64 காலணா. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலணாவுக்கு 25 பைசா, சரி. ஓரணாவுக்கு? ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். காலணாவுக்கு 2 பைசா.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓரணாவுக்கு மொத்தமாக வெற்றிலை வாங்கினால் 6 பைசா. அதையே காலணா காலணாவாக நாலு தடவை வாங்கினால் 8 பைசா! மொத்தமாக வாங்க வசதி இருந்தவருக்கு நஷ்டமில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழித்தவர்தான் அந்த இரண்டு பைசாவைக் கொடுத்தார். சில்லறை சரியாக இல்லாதபோது யாரோ ஒருவர் நஷ்டப்பட வேண்டும். பெரும்பாலும் அது இருப்பவர்களிலேயே இளைத்தவர்தான்.

இப்போது தீப்பெட்டிக்கு வருவோம்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். மறுவருடம் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அது பரவியது. கரிசல் மண்ணில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. பருத்தியும் கம்பும் உளுந்தும் எடுத்த பிறகு மிச்ச மாதங்களுக்கு வேலை கிடையாது. சுட்டெரிக்கும் அந்த வெயில் குச்சியைக் காயவைக்க மட்டும் தோதாக இருந்தது. வானம் கைவிட்ட ஊர்களுக்குக் கஞ்சி ஊற்றியது தீப்பெட்டிதான். பெட்டி ஒட்டியும் குச்சி அடைத்தும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செய்த வேலையை எண்ணித்தான் கூலி. குரோசுக் கணக்கு, அதாவது 144 பெட்டி கொண்டது ஒரு குரோஸ்.

அந்தப் பெட்டியின் விலை எப்படி ஏறியது என்று பாருங்கள். 25 பைசாவாக இருந்தது 1995-ல் 50 பைசா ஆனது. 2007-ல் ஒரு ரூபாய். 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். நாலணா, எட்டணா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்... நடுவே 60 பைசா இல்லை, 75 பைசா இல்லை, ஒன்றே கால் ரூபாய் இல்லை. ஒரு நாணயத்திலிருந்து அடுத்த நாணயத்துக்கு ஒரே தாவல்!

ஏன்? பத்து பைசா ஏற்றினால் கடைக்காரர் மிச்சத்தை எப்படிக் கொடுப்பார்? ஒற்றை நாணயத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகிற சாமான் அது. 2011 ஜூன் 30-ம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி செல்லும். 2011-ம் வருட நாணயச் சட்டப்படி பத்து ரூபாய் வரைக்கும் எட்டணாவாகவே கொடுக்கலாம். ஆனால், அந்தச் சட்டத்தைக் கல்லாப்பெட்டி முன்னால் நின்று படித்துக் காட்டிப் பாருங்கள்... ''போங்க சார் அந்தப் பக்கம்!'' என்பார்கள்.

பத்து ரூபாய் நாணயம் பட்ட பாடு தெரியாதா? 'செல்லாது' என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியில் தமிழ்நாட்டில் பல கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் சொன்னது. ஒருபக்கம் சில்லறை இல்லை என்று புலம்பல். இன்னொரு பக்கம் இருக்கிற சில்லறையை வாங்கவும் மறுப்பு!

ஆக, தீப்பெட்டி 14 வருடம் ஒரே ரூபாயில் நின்றது. அதற்குள் மெழுகு, பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலை ஏறின. ஆலை வாசலில் 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் 270 முதல் 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்ததாக 2021-ல் உற்பத்தியாளர்கள் சொன்னார்கள். பெட்டிக்கு 45 முதல் 50 பைசா. அதில் பத்து பைசா கூடுதலாகக் கிடைத்திருந்தால் பண்டலுக்கு 60 ரூபாய். நீங்களும் நானும் குனிந்து பொறுக்காத பத்து பைசா! அங்கே அது ஒரு பண்டலின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பத்து பைசாவுக்கு நாணயம் இல்லாததால், ஏறிய செலவையெல்லாம் சின்ன ஆலைகளும், குரோஸ் எண்ணிக் கூலி வாங்கும் பெண்களும் 14 வருடம் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். கடைசியில் விலை இரண்டு ரூபாய் ஆனபோது, 'தீப்பெட்டி விலை இரு மடங்கு' என்று செய்தி வந்தது. வருஷத்துக்கு ஏழு பைசா ஏறியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இப்போது பெட்டிக்கடையிலும் கியூ.ஆர். கோடு அட்டை தொங்குகிறது. போனில் ஒரு ரூபாய் பத்து பைசாவைக்கூடத் துல்லியமாக அனுப்பலாம். 1957-ல் தொலைந்த கால் பைசாவைத் தவிர மற்ற பைசாக்கள் எல்லாம் போனுக்குள் உயிரோடு இருக்கின்றன. ஆனால், பெட்டியில் அச்சடிக்கிற விலை மட்டும் இன்னும் முழு நாணயக் கணக்கில்தான். கூலியை ரொக்கமாக வாங்கி, ரொக்கமாகவே செலவழிக்கிற அம்மாவிடம், ''சில்லறை இல்லையே தாயி'' என்பது இன்னும் நிற்கவில்லை.

தமிழில் ஒரு விசேஷம் உண்டு. காசுக்கும் நாணயம் என்றுதான் பேர், நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பேர். அடுத்த முறை கடைக்காரர் ''ஒரு ரூபா பாக்கி இருக்கு, பரவால்லையா?'' என்று கேட்டால், பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த ஒரு ரூபாய்க்காகக் காத்திருக்கிற அம்மாவை மட்டும் கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு ரூபாயின் கணக்கு நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.