எண்ணெய் படர்ந்த கரை

"அவன் சரியான எம்டன்" என்று சென்னையில் பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே இப்படிப் பேச்சுமொழியில் நிலைத்துவிட்டது. எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் குறிவைத்தது கோட்டையை அன்று. கரையில் நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளையே. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. நகர மக்களில் பலர் அஞ்சி வெளியேறினர். கரையில் எண்ணெயைச் சேமித்து வைத்தால் ஆபத்தும் கூடவே வந்து தங்கும் என்பதைச் சென்னை அன்றே கண்டது.

அந்நாளில் எண்ணெய் என்றால் பெரும்பாலும் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்தான். பின்னர் நிலைமை மாறியது. 1965-இல் மதராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் தோன்றியது. 1969-இல் மணலியில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 2014-இல் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. வடசென்னைக் கடலில் எண்ணெய்க் கப்பல்கள் வந்து போவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

வடக்கே நடப்பது வடக்கோடு நின்றுவிடுமா? மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் அதில் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு 2017-இல் விடை கிடைத்தது.

மோதலும் முதல் அறிக்கையும்

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. துறைமுகத்தை விட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல் ஒன்று. உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பல் மற்றொன்று. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை என்றே துறைமுகத்தின் முதல் அறிக்கை கூறியது. ஆனால் கருங்குழம்பு ஒன்று கரையில் ஒதுங்கத் தொடங்கியது. அது கப்பலை ஓட்டப் பயன்படும் கனத்த எரியெண்ணெய். சிந்தியது 20 டன் அளவு இருக்கலாம் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். பின்னர் வந்த கணக்குகளோ ஏறத்தாழ 200 டன்னும் அதற்கு மேலும் எனக் காட்டின.

கடலில் விழுந்த எண்ணெய் விழுந்தபடியே இருப்பதில்லை. முதலில் மெல்லிய ஏடாகப் பரவுகிறது. இலேசான பகுதிகள் சில மணி நேரத்தில் ஆவியாகின்றன. கனத்த பகுதிகளை அலைகள் கடைகின்றன. தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிகிறது. இங்கோ அதற்கு நேர்மாறாக நீரும் எண்ணெயும் ஒன்றாகிக் குழம்பாகின்றன. அக்குழம்பில் முக்கால் பங்குவரை நீரே இருக்கக்கூடும். எனவே ஒரு டன் எண்ணெய் நான்கு டன் குழம்பாகப் பெருகலாம். சிந்தியதாகச் சொன்ன அளவைவிட அள்ளிய குழம்பு மிகுதியாக இருந்ததைக் கண்டு மக்கள் வியந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குழம்பு மிகவும் கெட்டியானது. கழிவுநீரை உறிஞ்சும் எந்திரங்களைக் கொண்டுவந்தபோது அவை திணறின. எர்ணாவூர்ப் பக்கத்தில் கற்சுவர்களுக்கு இடையே தேங்கிய குழம்பை மீனவர்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் தொண்டர்களும் வாளிகளால் அள்ளினார்கள். எண்ணெயின் ஹைட்ரோகார்பன்களுள் சில தோலை அரிக்கும். சில நெடுங்காலத்தில் புற்றுநோயை விளைவிக்கும். அள்ளியவர்கள் பலருக்குத் தக்க உறைகளோ காலணிகளோ இல்லை.

தெற்கு நோக்கிய பயணம்

எண்ணெய்ப் படலம் எந்தத் திசையில் செல்லும் என்பதை அறிய எளிய விதி ஒன்று உண்டு. நீரோட்டம் அதை முழு வேகத்தோடு இழுத்துச் செல்லும். காற்று தன் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவு தள்ளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, நீரோட்டத்தின் உதவி இல்லாமலே, ஒரு நாளில் படலத்தை 14 கிலோமீட்டர் நகர்த்திவிடும். வாடைக்காற்று வீசும் பருவத்தில் எண்ணூரில் சிந்திய எண்ணெய் தெற்கே வருவது இயல்பே. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் கணிப்பொறி மூலம் இந்தப் போக்கைக் கணித்துச் சொன்னது. சில நாட்களில் மெரினாவிலும், 30 கிலோமீட்டருக்கு அப்பால் பெசன்ட் நகரிலும் அதற்குத் தெற்கேயும் கரிய திட்டுகள் ஒதுங்கின.

அது பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவுதோறும் நடந்து ஆமை முட்டைகளைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறார்கள். மூச்சு விடுவதற்கு நீர்மட்டத்துக்கு வரும் ஆமைக்கு எண்ணெய்ப் படலம் பெரும் பகை. எண்ணெய் தோய்ந்த ஆமைகள் இறந்து ஒதுங்கியது அந்த ஆண்டின் துயரக் காட்சிகளுள் ஒன்று.

எண்ணெய் இல்லாத இடத்தில் இழப்பு

தென்சென்னைக் கரையில் ஒதுங்கிய எண்ணெய் எர்ணாவூரில் தேங்கியதைவிட மிகக் குறைவு. ஆனால் அங்குள்ள மீனவர்களின் இழப்பு அந்த விகிதத்தில் குறையவில்லை.

நடுக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். மெரினாவில் சல்லிக்கட்டுப் போராட்டம் முடிவுற்ற ஜனவரி 23 அன்று நடந்த கலவரத்தில் அங்கிருந்த மீன் சந்தை எரிந்து சாம்பலாயிற்று. ஐந்தே நாட்களில் எண்ணெய்க் கசிவும் வந்து சேர்ந்தது. நடுக்குப்பம், நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர்-ஆல்காட் குப்பம் ஆகிய இடங்களில் பெரும்பாலோர் சிறு படகுகளில் சென்று கரைக்கு அருகே வலை வீசுபவர்கள். எண்ணெய் படிந்த நைலான் வலையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது எளிதன்று. பெரும்பாலும் எறிந்துவிட வேண்டியதுதான். ஆகவே கடல் தெளியும்வரை பலர் படகைக் கரையேற்றி வைத்தார்கள்.

துணிந்து சென்று பிடித்து வந்த மீனுக்கும் விலை போகவில்லை. "மீனில் எண்ணெய் இருக்குமோ?" என்ற ஐயம் நகரெங்கும் பரவியது. மீன்கள் உண்ணத் தகுந்தவையே என்று அரசு அறிவித்த பின்னரும் அந்த ஐயம் எளிதில் தீரவில்லை. ஆழ்கடலில் பிடித்த வஞ்சிரத்துக்கும் கரையோரத்து நெத்திலிக்கும் வேறுபாடு காணாமல் மக்கள் இரண்டையுமே ஒதுக்கினார்கள்.

இந்த இழப்பை முதலில் உணர்ந்தவர்கள் மீன் விற்கும் பெண்கள். காலையில் கடன் வாங்கி மீன் எடுத்து, விற்ற பணத்தில் மாலையில் கடனை அடைக்கும் வாழ்க்கை அவர்களுடையது. மீன் விற்காத நாளிலும் வட்டி நிற்பதில்லை. எண்ணெய் பரவிய பகுதியைக் காட்டும் வரைபடம் ஒன்று. பிழைப்பு கெட்ட பகுதியைக் காட்டும் வரைபடம் வேறொன்று. இரண்டாவது எப்போதும் பெரியது.

யார் ஈடு தருவது?

இதற்குச் சட்டம் உண்டு. 1967 மார்ச்சில் டாரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் பாறையில் மோதி ஏறத்தாழ 1,20,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. எண்ணெயைக் கரைக்கத் தெளித்த சலவை வேதிப்பொருள்கள் பாறைகளில் வாழ்ந்த சிப்பியினங்களை எண்ணெயைவிட மிகுதியாக அழித்தன. அந்த விபத்தின் விளைவாக 1969-இல் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று உருவாயிற்று. அதன்படி, கப்பல் தவறு செய்தது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எண்ணெய் சிந்தினால் கப்பல் உரிமையாளரே பொறுப்பு. 1992-இல் திருத்தப்பட்ட இந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்துள்ளது.

இம்முறையில், வலையில் எண்ணெய் படியாவிட்டாலும் தொழில் நின்றதால் வருமானம் இழந்தவர் ஈடு கோரலாம். ஆனால் அவர் தம் வழக்கமான வருமானத்துக்குச் சான்று காட்ட வேண்டும். மீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்திடம் கணக்குப் புத்தகம் இருக்கும். கரையிலேயே ஏலம் போட்டுக் கைமேல் காசு வாங்கும் கட்டுமரக்காரரிடம் என்ன இருக்கும்? கூடைக்காரப் பெண்ணிடம் எந்த ரசீது இருக்கும்? சட்டத்தில் உள்ள உரிமை சான்று இல்லாமையால் கைக்கு எட்டாமல் போகிறது.

கப்பலிலிருந்து வரும் எண்ணெய்க்கே அந்த ஒப்பந்தம் பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு அது வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. இம்முறையும் மீனவர்களே தம் படகுகளில் சென்று எண்ணெயை அள்ளினார்கள். மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவர்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இவை உடனடி உதவிகள். ஆனால் கழிமுகத்துச் சேற்றில் படிந்த எண்ணெய் எளிதில் நீங்காது. நண்டும் இறாலும் வளர்வது அந்தச் சேற்றில்தான்.

முன்னரே செய்ய வேண்டியது

தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டம் 1996 முதல் நம் நாட்டில் உள்ளது. கடலோரக் காவற்படை அதன் பொறுப்பை ஏற்றுள்ளது. மிதவைத் தடுப்புகளும் எண்ணெய் வழிக்கும் கருவிகளும் துறைமுகங்களில் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. கருவி எவ்வளவு விரைவில் கடலில் இறங்குகிறது என்பதைப் பொறுத்ததே அதன் பயன். எண்ணெய் கரையைத் தொட்ட பிறகு எஞ்சுவது வாளிதான்.

இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒவ்வொரு குப்பத்திலும் எத்தனை படகுகள் கடலுக்குச் சென்றன, என்ன மீன் எவ்வளவு கிடைத்தது, என்ன விலைக்கு ஏலம் போயிற்று என்பதை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மீன் விற்கும் பெண்களின் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும். நல்ல நாளில் எழுதிய அந்தக் கணக்கே கெட்ட நாளில் சான்றாக நிற்கும். பள்ளி மாணவர் ஒருவர் மாலையில் கால் மணி நேரம் செலவிட்டால் போதும், தம் குப்பத்துக்கு இந்தக் கணக்கை எழுதித் தரலாம்.