பயிற்சிக்கு 3 வாரம்தான், கால்ல வலி... அமெரிக்க ராணுவ உதவித்தொகையில் படிக்கும் மருத்துவ மாணவர் என்ன செய்யணும்?

முதலாமாண்டு மருத்துவத் தேர்வு முடிந்த கையோடு ராணுவ அதிகாரி பயிற்சி. அதற்காக தினமும் ஓடிப் பழகுகிறார் மாணவர். முழங்காலுக்குக் கீழே, எலும்பில் ஒரே இடத்தில் வலி வருகிறது. முதலில் ஓடும்போது மட்டும் இருந்த வலி, இரண்டே வாரத்தில் நடக்கும்போதும் வருகிறது. பயிற்சிக்கு இன்னும் 3 வாரம்தான் இருக்கு.

இப்படி ஒரு நிலையில் மாணவருக்கு முதலில் வரும் கேள்வி, "சொன்னா ஸ்காலர்ஷிப் போயிடுமோ?" என்பதுதான். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு பயிற்சிக்குப் போவது, அந்தக் காயத்தைவிடப் பெரிய சேதத்தில் போய் முடியலாம்.

அது என்ன ஸ்காலர்ஷிப்?

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு என்றால் பெரும்பாலானோருக்குப் பெரிய கடன். அதைத் தவிர்க்க ஒரு வழி, 'ஹெல்த் புரொஃபஷன்ஸ் ஸ்காலர்ஷிப் புரோகிராம்', சுருக்கமாக எச்.பி.எஸ்.பி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் இதை நடத்துகின்றன. கல்லூரிக் கட்டணம் முழுவதையும் ராணுவம் கட்டும். கைச்செலவுக்கு மாதம் 2,500 டாலருக்கு மேல் தரும். பதிலுக்கு, உதவி பெற்ற ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம் ராணுவ மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் போனவர்களுக்கு இது கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. பொதுவாகப் பயிற்சி முடித்த பிறகுதான் அதிகாரி ஆவார்கள். இங்கே தலைகீழ். ஸ்காலர்ஷிப்பில் சேரும்போதே பதவிப் பிரமாணம் எடுத்து, ரிசர்வ் பிரிவில் அதிகாரி ஆகிவிடுகிறார் மாணவர். கடற்படையில் என்சைன், மற்ற இரண்டிலும் செகண்ட் லெப்டினன்ட். பயிற்சி அதற்கு அப்புறம்தான். ஆகவே காயம்பட்டவர் வாசலில் நிற்கும் விண்ணப்பதாரர் அல்ல, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர். மருத்துவத் தகுதி பற்றிய பாதுகாப்புத் துறை விதியே இரண்டு பாகமாக இருக்கிறது. சேர்வதற்கு ஒன்று, பணியில் நீடிப்பதற்கு ஒன்று. ஆறிவிடக்கூடிய ஒரு எலும்பு விரிசலுக்காக ஒருவரை உடனே வெளியே அனுப்பிவிடுவதில்லை. அவருடைய பயிற்சித் தேதியைத் தள்ளிப்போடுவார்கள்.

பயிற்சியில் என்ன இருக்கும்?

கடற்படை மாணவர்களுக்கு ரோட் ஐலண்ட் மாநிலம் நியூபோர்ட்டில் 5 வாரம். விமானப்படைக்கு அலபாமாவில் உள்ள மேக்ஸ்வெல் தளம். தரைப்படைக்கு டெக்சாஸின் சான் அன்டோனியோவில் மருத்துவப் பிரிவுக்கான அடிப்படைப் பயிற்சி. மருத்துவர்களுக்கான பயிற்சி என்பதால் கமாண்டோ பயிற்சி மாதிரி இருக்காது. ஆனாலும் விடியற்காலை உடற்பயிற்சி, அணிவகுப்பு, மணிக்கணக்கில் நிற்பது எல்லாம் உண்டு. கடற்படைத் தகுதித் தேர்வில் தண்டால், பிளாங்க், ஒன்றரை மைல் ஓட்டம் என மூன்று. பாதி ஆறிய காலோடு முதல் வாரத்தைச் சமாளிச்சிடலாம், அடுத்தடுத்த வாரங்களில்தான் கால் கைவிடும்.

அந்த வலி எதனால்?

புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் திடீரென்று தினமும் ஓட ஆரம்பித்தால், தசை பழகும் வேகத்துக்கு எலும்பு பழகாது. நுண்ணிய விரிசல் விழும். இதுதான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். பாத எலும்பில் வரும் இதே பிரச்சினையை 1855-லேயே பிரஷ்யாவின் ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், அணிவகுத்து நடக்கும் சிப்பாய்களிடம் பார்த்துப் பதிவு செய்தார். அதனால்தான் அதற்கு இன்றைக்கும் 'மார்ச் ஃபிராக்சர்' என்று பெயர்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல், ஒண்ணுமில்ல" என்று நம்பி மறுநாளே ஓடுவது ஆபத்து. வலி ஒரே புள்ளியில் நிலையாக இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதுதான் சரி. கெண்டைக்கால் எலும்பு விரிசல் ஆற பொதுவாக 6 முதல் 8 வாரம் பிடிக்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் வலி மறையும், விரிசல் வளரும். தொடை இடுக்கில் வலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்து அது முழுதாக முறிந்தால், இடுப்பு மூட்டுக்கே பாதிப்பு வரும்.

யாரிடம் சொல்வது?

முதலில் மருத்துவரிடம், அடுத்து ஸ்காலர்ஷிப்பை நடத்தும் அலுவலகத்திடம். வேலைக்குச் சேர்த்துவிட்ட ரெக்ரூட்டரிடம் சொன்னால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். சேர்த்துவிட்டதோடு அவர் வேலை முடிந்தது. உடல்நிலையில் மாற்றம் வந்தால் தெரிவிப்பது மாணவரின் கடமை. மின்னஞ்சலில் எழுதி, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். போனில் சொன்னதுக்கு சாட்சி கிடையாது.

பரிசோதனை முடிவு, சிகிச்சைக் குறிப்பு, பிசியோதெரபி பதிவுகள் எல்லாம் வேண்டும். முக்கியமான காகிதம் கடைசியில் வருவது. "எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ஓடலாம், சுமக்கலாம்" என்று மருத்துவர் தெளிவாக எழுதித் தர வேண்டும். "நோயாளி நலமாக இருக்கிறார்" என்ற ஒற்றை வரி போதாது.

செலவு யாருடையது?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். படிக்கும் காலத்தில் மாணவர் ரிசர்வில் செயல்படாத நிலையில் இருப்பார். ராணுவ மருத்துவக் காப்பீடு அப்போது கிடையாது. வீட்டுப் பக்கம் ஓடும்போது கால் போனால், சொந்தக் காப்பீடுதான். பயிற்சி உத்தரவில் இருக்கும்போது அடிபட்டால், பணியின்போது ஏற்பட்ட காயமா என்று விசாரித்து ராணுவம் பொறுப்பேற்கும். பழைய வலியை மறைத்துக்கொண்டு போய், அங்கே கால் முறிந்தால்? "இது முன்னாடியே இருந்ததுதானே" என்ற கேள்வி வரும். மறைத்தது தெரிந்தால் அது நேர்மை சம்பந்தப்பட்ட பிரச்சினையாக மாறிவிடும். ஒரு அதிகாரிக்கு உடைந்த எலும்பைவிட அதுதான் பெரிய தலைவலி.

இந்தியாவில் இதன் வேறு முகம் தெரிந்தது. பயிற்சியில் காயமடைந்து, அதிகாரியாக நியமனம் பெறும் முன்பே வெளியேற்றப்பட்ட கேடட்கள் முன்னாள் படைவீரர்களாகக் கணக்கில் வரவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. அதன் பிறகே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

தேதி தள்ளிப்போனால்?

எச்.பி.எஸ்.பி. மாணவருக்கு ஆண்டுக்கு 45 நாள் ராணுவப் பணி உண்டு. அதிகாரி பயிற்சிக்குப் போக முடியாவிட்டால், கல்லூரியிலேயே படிப்பைத் தொடர்ந்தபடி அந்த 45 நாளைக் கழிக்க அனுமதி கேட்கலாம். உத்தரவு கிடைத்தால் அந்த நாட்களுக்கு அதிகாரி சம்பளமும் வரும்.

சிக்கல் காலண்டரில்தான். முதலாமாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் நடுவில் வரும் கோடைதான் நீண்ட விடுமுறை. அது போனால், பிறகு தேர்வு, மருத்துவமனைப் பணி என்று இடைவெளியே கிடைக்காது. பலருக்கு மிஞ்சுவது பட்டம் பெற்ற பிறகு, ரெசிடென்சி தொடங்கும் முன் உள்ள சில வாரங்கள்தான். முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை மாதிரி பெரிய விஷயம் என்றால் பழைய ஓட்டத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 9 மாதம் ஆகும். அந்த அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன்பே ஸ்காலர்ஷிப் அலுவலகத்திடமும் கல்லூரி டீன் அலுவலகத்திடமும் பேசிவிட்டால், எந்தக் கோடையில் பயிற்சி என்பதை மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.