இடமும் ஊரும்

ஆங்கிலத்தில் ‘பிளேஸ்’ என வழங்கும் சொல் அம்மொழியில் மிக்க பயிற்சி உடையது. கிரேக்கத்தில் அகன்ற தெருவைக் குறித்த சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலத்திற் புகுந்து, பொருள் கிடக்கும் இடம், வீடு, ஊர், பதவி, வரிசைமுறை ஆகிய பலவற்றையும் இன்று உணர்த்தி நிற்கின்றது. இதனைத் தமிழாக்குவோர் ‘இடம்’ என்னும் ஒரு சொல்லையே பெரிதும் கையாளுகின்றனர். ஆயின், ஆங்கிலச் சொல் ஒன்றாக அடக்கிய பொருள்களுள் இரண்டனைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக வேறு பிரித்தே வழங்கினர். இடம் என்பது ஒன்று; ஊர் என்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டினை ஈண்டு ஆராய்வோம்.

திவாகரம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இடப்பெயர்த் தொகுதி எனத் தனிப் பகுதி வகுத்துள்ளன. மலை, கடல், நாடு, ஊர் முதலியன யாவும் அதன்கண் அடங்கும். எனவே இடம் பொதுப்பெயர், ஊர் அதன் வகை என்பது நிகண்டு நெறி. இலக்கண நூலாரோ இடம் என்னும் சொல்லைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றற்கும் பெயராக்கினர். பேசுவோன் நிற்கும் நிலையே ஈண்டு இடம் எனப்பட்டது. ஏழாம் வேற்றுமை இடப்பொருளது. அதற்கு நன்னூலார் 28 உருபுகள் கூறினர். இவற்றால், ஒன்று எங்கு உளது என்னும் வினாவிற்கு விடையாவதே இடம் என்பது பெறப்படும்.

ஊர் என்னும் சொல்லின் வரலாறு இதனின் வேறானது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் அச்சொல் குடியிருப்பினை மட்டுமன்றி, அக்குடியிருப்பின் அவையினையும் குறித்தது. பிரமதேயங்களில் சபையும், வணிகர் பதிகளில் நகரமும் இருந்தவாறே, ஏனை வேளாண் குடியிருப்புக்களில் ஊர் என்னும் அவை இருந்தது. நிலம் விற்றல், வரி ஏற்றல், கோயிலுக்கு அறம் நிறுவுதல் முதலியவற்றைச் செய்தோர் தம்மை ‘ஊரோம்’ எனக் குறித்தனர். ஈண்டு ‘ஓம்’ என்னும் தன்மைப் பன்மை விகுதி பெரிதும் நோக்கற்பாலது. ஊர் ‘நாம்’ எனப் பேசவல்லது. அக்கல்வெட்டுக்களே நிலத்தின் இருப்பைக் குறிக்குங்கால், நாற்பாலெல்லைகளை எண்ணி வரையறுக்கின்றன. அளந்து எல்லை காட்டப்படுவது இடம். எல்லை காட்டிக் கையெழுத்திடுவது ஊர் எனலாம்.

அந்த ‘நாம்’ அனைவரையும் தழுவியது எனக் கொள்ளுதல் பொருந்தாது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் வரி நீக்கிய நிலங்களை எண்ணுமிடத்து, ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என வேறு வேறாகக் கூறுகின்றன. சங்க காலத்தில் மக்கள் வாழ் பகுதியைப் பொதுவாகக் குறித்த சேரி என்னும் சொல், பின்னர் ஒதுக்கப்பட்டார் உறைவிடத்திற்கே உரியதாய்ப் பொருள் குறுகியது. ‘ஊரும் சேரியும்’ என்னும் வழக்கு ஒரே நிலப்பரப்பில் வாழ்ந்தாருள் சிலரை ஊரின் புறத்தே நிறுத்திய வரலாற்றின் சான்றாகும்.

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரிப் பகுதியும் இவ்வாராய்ச்சிக்குத் துணை புரிகின்றது. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் பல கிடைத்துள்ளன. தொறு எனப்பட்ட ஆநிரையைப் பகைவர் கவர்ந்தபோது பொருது வீழ்ந்த மறவரைப் ‘பட்டான்’ எனக் குறிப்பன அவற்றுட் பல. தன் மக்களும் நிரையும் கூடிய ஊர்க்காகவே மறவன் உயிர் ஈந்தான். இம்மாவட்டத்து ஊர்ப்பெயர்களுள் நல்லம்பள்ளி என்பது பள்ளி என முடிய, மாரண்டஹள்ளி என்பது அதன் கன்னட வடிவான ஹள்ளி என முடிகின்றது. இருமொழி மக்கள் கலந்து வாழ்ந்தமையை இவை காட்டும்.

பென்னாகரம் வட்டத்து ஏரியூர் என்னும் பெயர் ஏரி, ஊர் என்னும் இரு சொற்களால் ஆயது. அஃது இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இத்தொடரிலும் பழைய வேறுபாடு தங்கியுள்ளது. ஆள்வது ஊர், அலுவலகம் அமைவது இடம்.

ஏரியூர்க்கு மேற்கே காவிரியில் மேட்டூர் நீர்த்தேக்கம் பரந்துள்ளது. 1925-இல் தொடங்கிய அணைப்பணி 1934-இல் நிறைவெய்தியது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. தஞ்சை வயல்கட்குப் பாசனம் உறுதி செய்த இந்நீரின் கீழ்க் காவிரிக்கரைக் குடியிருப்புக்கள் பல மூழ்கின. நீர்மட்டம் பெரிதும் தாழுங்கால், தருமபுரிக் கரையிலுள்ள நாகமரைக்கு எதிர்க்கரையாகிய பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளிப்படுகின்றன. அவை நிற்பது பழைய இடம். ஊர் அங்கு இல்லை. மூழ்கிய சாம்பள்ளியின் பெயரோ அழியவில்லை. மேட்டூரை அடுத்துப் புதுச்சாம்பள்ளி என இன்றும் வழங்குகின்றது. நிலம் நீருள் மறைந்தது. பெயர் மக்களோடு பெயர்ந்தது. ‘புது’ என்னும் அடைமொழி இடத்தின் புதுமையைக் குறிக்க, எஞ்சிய பகுதி ஊரின் பழமையைக் காத்து நிற்கின்றது.

இதுகாறும் கூறியவாற்றான், இடம் நிலத்தாற் பெறப்படுவது என்பதும், ஊர் மக்களின் கூட்டத்தாற் பெறப்படுவது என்பதும் விளங்கும். இவ்விரண்டனையும் ஒரு சொல்லால் மொழிபெயர்ப்பின் பொருள் குறையும். குடிபெயர்வோர்க்கு வகுக்கும் ஏட்டிலும் அக்குறை நேர்தல் கூடும். இடத்திற்கு ஈடாக இடம் அளந்து கொடுத்தல் இயலும். ஊர்க்கு ஈடாக ஊரினை அளந்து கொடுத்தல் இயலாது. அதனை அம்மக்களே மீண்டும் கூடி ஆக்குதல் வேண்டும். அக்கால் ‘ஊரோம்’ என்னும் சொல்லில் முன்னர்ப் புறத்தே நிறுத்தப்பட்டோரும் இடம் பெறுதல் வேண்டும்.