புட்டிங்: ஒரு சொல்லின் பயணம்

1666-ஆம் ஆண்டு லண்டனை எரித்த பெருந்தீ, ‘புட்டிங் சந்து’ என்னும் குறுந்தெருவின் ரொட்டிக் கடையொன்றில் தொடங்கிற்று. இனிப்பின் பெயரால் அமைந்த தெரு என்று நாம் எண்ணக்கூடும், அவ்வாறன்று. ஈஸ்ட்சீப் பகுதிக் கசாப்புக்காரர்கள் விலங்குகளின் குடலையும் கழிவுகளையும் தேம்ஸ் நதிக்கரைக்குக் கொண்டுசென்ற வழி அது. குடலுக்கு அந்நாளில் ‘புட்டிங்’ என்றே பெயர்.

இரத்தமும் கொழுப்பும் தானியமும் அடைத்து வேகவைத்த குடலே ஆதிப் புட்டிங். பிரெஞ்சு மொழியில் இரத்தக் குடலடைப்பைக் குறிக்கும் ‘பூதேன்’ என்ற சொல்லே இதன் மூலம் என்பது பரவலான கருத்து. இங்கிலாந்தின் காலையுணவுத் தட்டில் ‘கறுப்புப் புட்டிங்’ இன்றும் அப்பொருளைக் காத்து நிற்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் குடலின் இடத்தைத் துணி பிடித்தது. மாவையும் கொழுப்பையும் உலர்பழங்களையும் துணியில் முடிந்து கொதிநீரில் இட்டார்கள். விலங்கை அறுக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் தேவை நீங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரை மலிந்தபோது உள்ளீடும் இனித்தது. உறையின் பெயர் உள்ளிருந்த பண்டத்திற்கு ஆகிவந்தது. ஆயினும் 1747-இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில் அச்சேற்றிய யார்க்‌ஷயர் புட்டிங்கில் இனிப்பில்லை. அது இறைச்சியோடு உண்ணும் மாவுப் பண்டம். அமெரிக்கரோ பாலில் காய்ச்சிய குழைவான இனிப்பையே புட்டிங் என்கின்றனர்.

ஒலியிலும் ஒரு வரலாறு உறைந்திருக்கிறது. அதே பதினேழாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் பல சொற்களின் குறில் உகரம் அகரத்தை நோக்கி நகர்ந்தது. ‘கட்’ என்பது அவற்றுள் ஒன்று. ‘புட்’, ‘புல்’, ‘புட்டிங்’ ஆகியவை பழைய உகரத்தையே பற்றிக்கொண்டன. தமிழில் நாம் இடும் ‘பு’ இங்கு மிகச் சரியானது. இரட்டித்த டகரம் மட்டுமே ஒலியை வல்லோசையாக்கிவிடுகிறது. ‘புடிங்’ என்பதே மூலத்திற்கு நெருக்கம்.

1954-இல் மொழியியலாளர் ஆலன் ராஸ், ஆங்கில மேட்டுக்குடியின் சொற்களைப் பிறர் சொற்களிலிருந்து பிரித்துக் காட்டினார். உணவின் முடிவில் வருவதை மேட்டுக்குடியினர் ‘புட்டிங்’ என்பர்; ‘ஸ்வீட்’ என்போர் அவ்வட்டத்திற்கு வெளியே நிற்பவர். நான்சி மிட்ஃபோர்டு இதை எடுத்தெழுதியபின் தங்கள் நாவைக் குறித்து அஞ்சியவர்கள் பலர். கசாப்புத் தெருவின் சொல் கனவான்களின் அடையாளமாயிற்று. சொற்களுக்குப் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு நாம் வேறு சான்று தேட வேண்டியதில்லை.