கொட்டியாரத்து ஏடுகளும் அவற்றை வாசிப்போரும்

திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரத்தில், கிளிவெட்டியிலிருந்து கங்குவேலிப் பக்கமாகப் போகும் வழி நெடுக வயல்தான். வயலுக்கப்பால் மகாவலி கங்கை. அந்தக் கங்கைக் கரையில் கரைசை என்றொரு சிவத்தலம் இருந்ததைத் திருக்கரைசைப் புராணம் பாடுகிறது. பாடிய புலவர் தம் பெயரைச் சொல்லவில்லை. அகத்தியர் அங்கே வந்து வழிபட்ட கதையை விரித்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோயில் இடிந்து, கல்லும் தூணும் பற்றைக்குள் மறைந்தன. ஆனாலும் அகத்தியர் தாபனம் என்று ஊர்ச்சனம் அந்த இடத்தை விடாமல் சொல்லிவருகிறது. ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடவும் போகிறது. தலத்தின் கதை இன்றைக்கு நூலாகக் கையில் இருப்பது, பனையோலையில் யாரோ எழுதி, இன்னும் யார்யாரோ பார்த்து எழுதிக் கடத்தியதால்.

அகத்தியர் இந்தப் பக்கத்தில் கோயிலோடு நின்றவருமல்லர். வாகடங்கள் எனப்படும் தமிழ் வைத்திய நூல்களில் மிகப் பல அவர் பெயரால் வழங்குபவை. விசகடி வைத்தியம், முறிவு நெரிவு வைத்தியம், கண் வைத்தியம், பிள்ளைப்பிணி வைத்தியம் என்று ஒவ்வொரு பரியாரி வீட்டுக்கும் ஒரு கைராசி உண்டு. கைராசிக்குப் பின்னால் ஒரு ஏட்டுக்கட்டும் இருந்தது. புராணம், வாகடம், ஊர்க்குடிகளின் உரிமைப் பதிவு என்ற மூன்றும் ஒரே ஓலையில், ஒரே எழுத்தாணியால் எழுதப்பட்டவை. ஆனால் மூன்றும் ஒரே மாதிரிப் பிழைக்கவில்லை. ஏன் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் ஊர்ப்பதிவை எடுத்துக்கொள்வோம். கவிராசவரோதயன் பாடிய கோணேசர் கல்வெட்டு, பெயர் எப்படியிருந்தாலும், ஏட்டில் வந்த நூல். குளக்கோட்டன் என்ற மன்னன் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் கொண்டுவந்து குடியிருத்தியது, அவர்களுக்கு நிலம் கொடுத்தது, மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலனை வன்னிமையாக வைத்தது, இன்ன குடிக்கு இன்ன தொழும்பு, இன்ன பங்கு என்று வகுத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. குளக்கோட்டன் காலம் எது, அவன் செய்ததாகச் சொல்வதில் எவ்வளவு வரலாறு என்று ஆய்வாளர் வாதிடட்டும். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தனர். கோயில் இல்லாமற் போன பிறகும் கோயிற் கடமைகளின் பட்டியல் அழியவில்லை. காரணம் எளிது. அந்தப் பட்டியலில் தன் குடியின் பெயர் இருக்கிறவன் ஏட்டைத் தொலைக்கமாட்டான். பண்டிதர் இ. வடிவேல் பதிப்பித்த கோணேசர் கல்வெட்டை 1993இல் இந்துசமயத் திணைக்களம் வெளியிட்டது.

தெற்கே மட்டக்களப்பிலும் இதே கதைதான். குடிகளின் வரவு, கோயில் உரிமை, வன்னிமை முறை ஆகியவற்றைச் சொல்லும் ஏடுகளை எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியம் என்ற பெயரில் அச்சேற்றினார். நூலில் உள்ளதெல்லாம் நடந்ததா என்ற சந்தேகம் ஒருபுறம் இருக்க, திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இப்படிப்பட்ட பதிவுகளைத் தேடி ஆள் வரும். தேடப்படுகிற ஏடு எளிதில் சாவதில்லை.

கோயிலில் வாசிக்கப்படும் ஏட்டுக்கு இன்னும் பலமான காவல். கிழக்கில் வைகாசி மாதம் கண்ணகியம்மன் கோயில்களில் கதவு திறந்தால் கண்ணகி வழக்குரை படிக்கப்படும், முடிவில் குளிர்த்தி. அம்மை, கண்நோய், கோடை வெக்கை எல்லாம் அம்மாளின் கோபம். குளிர்த்தி பாடி வேப்பிலையும் தண்ணீருமாக அவளைக் குளிரச் செய்தால் ஊருக்கு நோய் தணியும் என்பது நம்பிக்கை. வி.சீ. கந்தையா 1968இல் அச்சிடும்வரை வழக்குரை ஏட்டிலும் நாவிலும்தான் வாழ்ந்தது. அதில் இலக்கியம் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது, எந்த ஊரார் எந்த முறையில் படிப்பது என்ற ஊர் ஒழுங்கும் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை கட்டை அவிழ்த்தாக வேண்டும் என்பதால், பூச்சி விழுந்ததா, ஓலை உடைந்ததா என்று ஆண்டுக்கொரு முறை பார்த்தும் ஆகவேண்டும். உடைந்தால் புதிதாய் எழுதியாக வேண்டும். படிக்க ஒரு இளவட்டத்தைப் பழக்கியும் ஆகவேண்டும்.

வாகட ஏட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

மருந்தை வெளியே சொன்னால் பலிக்காது என்பது பழைய கட்டுப்பாடு. மூத்த மகனுக்கோ மருமகனுக்கோ, அதுவும் கடைசிக் காலத்தில், கை காட்டிவிட்டுப் போவார் பரியாரியார். காட்டிலும் குளக்கட்டிலும் மூலிகை பிடுங்கக் கூடப் போன பிள்ளைக்கு ஏடு புரியும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன பிள்ளைக்கு அது தாத்தாவின் ஞாபகப் பொருள். சரசுவதி பூசைக்கு எடுத்துப் பொட்டு வைக்க மட்டும். அதையும் குறைசொல்லக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை வெயில் காட்டப்படும் ஏடு, மறந்துபோன ஏட்டைவிட நீண்டகாலம் நிற்கும்.

ஏட்டை வாசிப்பதே தனி வித்தை. பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, குத்தினால் ஓலை கிழிந்துவிடும். எகர ஏகாரங்களுக்கு ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே கோடு. கதைப்பாட்டில் இதனால் பெரிய சேதம் வராது, ஓசை வழிகாட்டும். வைத்தியத்தில் அப்படியல்ல. செம்பும் சேம்பும் ஓலையில் ஒரே மாதிரித்தான் இருக்கும்; ஒன்று சுத்தி செய்து பற்பமாக்க வேண்டிய உலோகம், மற்றது தண்ணீர்க் கரையில் முளைக்கும் செடி. அளவு இன்னும் சிக்கல். பலம், கழஞ்சு, வராகனெடை, பணவெடை, குன்றிமணி என்று எடைகள். 1/20 என்பது மா, 1/80 காணி, 1/320 முந்திரி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. பாதரசமும் பாஷாணமும் சேரும் மருந்தில் மாவைக் காணி என்று வாசித்தால் மருந்து கால்வாசி; மாறி வாசித்தால் நாலு மடங்கு. போதாததற்கு, ஒரே மூலிகைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெயர், கொட்டியாரத்தில் ஒரு பெயர்.

யாழ்ப்பாண அரசர் காலத்து வாகடங்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் பிழைத்தது, அச்சேற்றியவர்கள் வைத்தியம் தெரிந்தவர்களாக இருந்ததால். ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1928 தொடங்கிப் பரராசசேகரத்தைப் பாகம் பாகமாக வெளியிட்டார். அந்த நூல் 12,000 பாடல் கொண்டது என்பது மரபு. அவருக்குக் கிடைத்தது அதில் ஒரு பங்குதான். அந்தப் பங்கும் கிடைக்காமல் போயிருந்தால் இன்றைக்குச் சித்த மருத்துவ மாணவர் ஈழத்து வாகடம் என்று எதைக் கையில் எடுப்பார்?

இந்த இடத்தில் வெகுதூரத்து உறவு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த பாதிரிமாரை அனுப்பிய அதே பொஸ்டன் மிஷன் சபை, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் செரோக்கி ஆதிகுடிகளிடமும் ஒரு மிஷனைத் திறந்தது. இங்கே அந்த மிஷனின் வழியாக 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வந்தது. அங்கே 1828இலேயே செரோக்கி மக்களின் சொந்தப் பத்திரிகை, செரோக்கி பீனிக்ஸ், வந்துவிட்டது. அதன் எழுத்தச்சுகள் பொஸ்டனில் வார்க்கப்பட்டவை. ஆனால் எழுத்தைக் கொடுத்தது மிஷன் அல்ல. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத செக்குவோயா என்ற செரோக்கியர் ஆண்டுக்கணக்காக உழைத்து 1821இல் தம் மொழிக்கு அசையெழுத்து அமைத்து முடித்தார். இன்று வழங்குபவை 85 எழுத்துகள். சில வருடங்களில் அந்தச் சனத்தில் பெரும்பாலோர் அதை வாசித்தார்கள். 1838இல் அரசு அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. வழியில் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மலைக்குள் தங்கிவிட்ட மிச்சப்பேரிடம் ஜேம்ஸ் மூனி என்ற ஆய்வாளர் 1887இல் போனார். சுவிம்மர் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட வைத்தியர் அவருக்குத் துணையானார். சுவிம்மரிடம் ஒரு பழைய கணக்குக் கொப்பி இருந்தது. 240 பக்கம், பாதியளவு செரோக்கி எழுத்தில் நிறைந்திருந்தது. நோய்க்கான மந்திரம், மருந்து, வேட்டைப் பாட்டு, காதல் வசியம் என 137 பகுதிகள். அங்கும் இதே கட்டுப்பாடுதான்: சொன்னால் சக்தி போய்விடும், மற்ற வைத்தியர் கோபிப்பார்கள். ஒரு வேட்டைப் பாட்டுக்கு வேட்டைக்காரர் 5 டொலர் வரை கொடுத்த காலம். சும்மா சொல்லிக்கொடுக்க எவருக்கு மனம் வரும்? சுவிம்மர் கொப்பியைக் கொடுத்ததைவிடப் பெரிய காரியம், பக்கத்திலிருந்து அதை விளக்கியது. எந்தச் செடி, எந்த நேரம், எத்தனை தரம் ஊதுவது என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மூனி எழுதிக்கொண்டார். 1891இல் ஒரு பகுதி அச்சாயிற்று. மூனி இறந்த பிறகு ஒல்பிரெக்ட்ஸ் என்ற ஆய்வாளர் செம்மை செய்து 1932இல் கொப்பியை வெளியிட்டார். சுவிம்மர் 1899இலேயே இறந்துவிட்டார். விளக்கம் இல்லாமல் கொப்பி மட்டும் தப்பியிருந்தால் அதில் பாதி இன்று விடுகதையாகியிருக்கும்.

இலங்கையின் ஏட்டுக்கலை வெளியாரின் எழுத்தில் பதிவானதும் கொட்டியாரத்தில் நேர்ந்த ஒரு விபத்தால்தான். புயலில் பாய்மரம் இழந்த கப்பலோடு மூதூர்க் கரைக்கு வந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறையிருந்தார். தப்பிப் போய் 1681இல் அச்சிட்ட நூலில், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், இரும்பு எழுத்தாணியால் தாளிப்பனை ஓலையில் எழுதுவதையும் அவர் விவரிக்கிறார். அவர் கண்டது சிங்கள ஊர்களில். தமிழ் ஊர்களில் ஓலை பனையோலை. பிள்ளைக்கு விஜயதசமியன்று ஏடு தொடக்குவது இன்றும் நின்றுபோகவில்லை.

இனி இழப்பின் கணக்கு. 1869இல் சிவில் சேவைக்கு வந்த ஹியூ நெவில் இலங்கை முழுவதும் சேர்த்த 2,200க்கு மேற்பட்ட சுவடிகளை 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. பெரும்பாலானவை சிங்களமும் பாளியும், தமிழும் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் அங்கிருந்த ஏடுகளும் 1981இல் எரிந்தன. சொல்ல மனம் கூசினாலும் உண்மை இது: கடல் கடந்தது பிழைத்தது, கையில் இருந்தது சாம்பலானது. கொட்டியாரப் பற்றில் எரிப்பு மட்டுமல்ல, ஓட்டமும் சேர்ந்தது. 1985இலும் 1990இலும் 2006இலும் சனம் இடம்பெயர்ந்தது; நடுவே 2004இன் ஆழிப்பேரலை கரையூர்களை அள்ளிப்போனது. சம்பூர் மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். ஓடுகிறவர் கையில் பிள்ளையும் அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும். அடுப்பங்கரைப் புகை படட்டும், பூச்சி அண்டாது என்று வளையில் சொருகிவைத்த ஏட்டுக்கட்டை யார் நினைப்பார்?

மிஞ்சியவற்றுக்குக் கைகொடுக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுதியை 1997இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஏடுகளையும் மின்வடிவாக்கி எவரும் பார்க்கும்படி வைத்துவருகிறது. படம் எடுப்பது அவசியம்; அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் படம், ஓலையின் எழுத்தைத் தரும்; குன்றிமணி எடை இந்த வீட்டுப் பரியாரிக்கு எவ்வளவு என்பதைத் தராது. ஏட்டைப் படமெடுக்கும் நாளிலேயே அதை வாசிக்கத் தெரிந்தவரை இருத்தி, வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அவர் கைகாட்டும் செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, ஊர்ப் பெயரும் தாவரப் பெயரும் எழுதி வைக்க வேண்டும். எந்த மருந்தை அவரே கொடுத்துப் பார்த்திருக்கிறார், எதைக் கேள்விப்பட்டது மட்டும் என்று பிரித்துக் கேட்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்கும் மாணவர் இருக்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப்படகுக்குக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கலாம்.

மாணவர் வரும்போது கரையோர ஊர்களையும் பார்க்க வேண்டும். மூதூர் கிழக்கில் பாட்டாளிபுரம், நல்லூர், இளக்கந்தைப் பக்கம் வாழும் கரையோர வேடரிடம் ஓலையே கிடையாது. செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதிய வேடர் நூலிலேயே இவர்கள் தமிழ் பேசுவோராக இருக்கிறார்கள். இவர்களுடைய வைத்தியம் சடங்கில் இருக்கிறது. உருவேறியவர் வாயால் முன்னோர் நோய்க்குக் காரணம் சொல்வார்கள், பரிகாரமும் சொல்வார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர், எந்தப் பாட்டைப் பதியலாம், எந்தப் பாட்டைச் சடங்குக்கு வெளியே வாயெடுத்துச் சொல்லவே கூடாது என்பதை முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் மூடச் சொல்வதை மூடிவைக்க வேண்டும். பரியாரி வீட்டு ஏட்டின் மந்திரப் பக்கங்களுக்கும் இதே முறைதான்.