பழையனூர்ப் பிணை

அரக்கோணம் போகும் ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் திருவாலங்காடு என்றொரு சிறிய ஸ்டேஷன் வரும். காரைக்கால் அம்மையாரை நினைத்து அங்கே இறங்குகிறவர்கள் பலர். பக்கத்திலேயே இருக்கிறது பழையனூர். நீலி கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர்.

கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வழிப்பயணமாக வந்த வணிகன் ஒருவனைக் கைக்குழந்தையுடன் ஒருத்தி பின்தொடர்ந்து, "இவர் என் கணவர்" என்று அழுதாள். "இவள் பேய்" என்று அவன் கதறினான். ஊர் வேளாளர் 70 பேர் கூடி வழக்குக் கேட்டார்கள். குழந்தை அவனிடம் தாவியதும் அவர்களுடைய சந்தேகம் தீர்ந்துவிட்டது. "உனக்குத் தீங்கு வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று பிணை சொல்லி, அவன் காப்பாக வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். 70 பேரும் சொன்ன சொல் தவறாமல் தீப்புகுந்தார்கள். 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரே இந்தச் செய்தியைக் குறிப்பிடுகிறார் என்றால், கதை எவ்வளவு பழையது பாருங்கள்!

அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இருப்பது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள தொழிற்பேட்டையில், காயலான் கடைச் சரக்கை மின்சார உலையில் உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் இருக்கின்றன. வீடு கட்டுகிறவர் கம்பியை அறுத்துச் சோதிக்க முடியுமா? முத்திரையைப் பார்த்து வாங்குகிறார். விற்பவனும் வாங்குபவனும் அல்லாத மூன்றாம் மனிதரின் சொல் அது. 1947-ல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் பிறந்தது. 1952-ல் முத்திரைக்குச் சட்டம் வந்தது.

அந்த முத்திரை கம்பியின் பலத்தைச் சொல்லும். உலை கக்கிய புகையைச் சொல்லாது. இன்று அதையும் கேட்கிறார்கள். ஒரு டன் உருக்குக்கு 2.2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளிவந்தால் அது 'பசுமை உருக்கு' ஆகாது என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு வரையறுத்தது. ஆனால் கனி வெட்டும் சுரங்கத்தில் எழும் புகை அந்தக் கணக்கில் சேராது. சுரங்கத்துக்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி எப்படிப் பொய்த்தது என்பதற்குப் பிரேசிலில் ஒரு கதை உண்டு. புருமாதின்யோ என்ற ஊரில் இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை ஒன்று இருந்தது. அது உறுதியாக இருக்கிறதென்று, ஜெர்மானியத் தணிக்கை நிறுவனம் ஒன்றின் கிளை 2018-ல் சான்று கொடுத்தது. கூலி கொடுத்தவர் சுரங்க முதலாளி. 2019 ஜனவரி 25 அன்று, பகல் உணவு வேளையில் அணை உடைந்தது. 270 பேர் சேற்றில் மாண்டார்கள். மறு ஆண்டு, சுரங்கக் கம்பெனியையும் தணிக்கை நிறுவனத்தையும் சேர்ந்த 16 பேர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது.

சான்று எழுதிக் கூலி வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது, உயிரையே ஈடு வைத்த பழையனூர்க்காரர்கள்மீது மதிப்புப் பெருகத்தான் செய்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அவர்கள் தீயில் இறங்கியதால் வணிகன் பிழைத்து வந்தானா? 16 பேருக்கும் நாளையே தண்டனை கிடைத்தாலும், சேற்றில் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

கும்மிடிப்பூண்டி உலையருகே நிற்கும் தொழிலாளிக்காகவும், அந்தப் புகை படியும் வீட்டுக் குழந்தைக்காகவும் கையெழுத்திடப் போகிறவர்கள் ஒருமுறை பழையனூர் போய் வரலாம். அந்த 70 பேரில் ஒருவராவது நள்ளிரவில் எழுந்து, கதவைத் தட்டி, "ஐயா, சௌக்கியமா?" என்று கேட்டிருக்கக் கூடாதா?