பச்சைத் தண்ணீரும் மயில்துத்தமும்



மழை குறைந்து வெயில் ஏறும் நாட்களில், குளத்திலும் கழிவுநீர்க் குட்டையிலும் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். "பாசி பிடித்துவிட்டது, மருந்து போட்டால் போய்விடும்" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த மருந்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிள்ளை குட்டிகளை வைத்திருக்கும் நாம் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாசிகளில் பல வகை உண்டு. பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. குளம், ஏரி, குட்டை நீரில் நமக்குக் கேடு செய்வது நீலப்பச்சைப் பாசி என்னும் இனத்தின் சில வகைகள்தாம். பெயர் பாசியானாலும் அது பாக்டீரியாக் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்டிரினா என்று ஓர் ஏரி இருக்கிறது. அதில் மிதந்த பச்சைப் படலத்தைக் குடித்த ஆடுகளும் குதிரைகளும் நாய்களும் மாண்டுபோயின. அதை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் ஏட்டில் எழுதினார். பாசியில் நஞ்சு உண்டு என்பதை அறிவியல் உலகம் அறிந்தது அப்போதுதான்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1904இல், அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர் பாசியை அழிக்க ஒரு வழி சொன்னார்கள். அதுதான் மயில்துத்தம். துருசு என்றும் சொல்வோம். செம்பு கலந்த நீல நிற உப்பு. அதைச் சாக்கில் கட்டிப் படகின் பின்னால் நீரில் இழுத்துக்கொண்டே போனால் கரைந்து பரவும். பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்குக்கும் குறைவாகப் போட்டாலே பல வகைப் பாசிகள் செத்துவிடும். செலவு குறைவு, நீரின் வாடையும் நீங்கியது. ஆகவே இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது.

இனி, 1979ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலக் கரைக்கு அப்பால் பாம் தீவு இருக்கிறது. பல ஊர்களிலிருந்து அரசாங்கத்தால் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பழங்குடி மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. சாலமன் அணைதான் அவர்களுக்குக் குடிநீர் கொடுத்தது. அணையில் பாசி மண்டியது. தண்ணீர் நாறுகிறது, சுவை கெட்டுவிட்டது என்று மக்கள் முறையிட்டார்கள். அதிகாரிகள் அணையில் மயில்துத்தம் போட்டார்கள்.

சில நாட்களுக்குள் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். வாந்தி, ஈரல் வீக்கம், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. 138 பிள்ளைகளும் 10 பெரியவர்களும் நோயுற்றனர். பலருக்கு நரம்பில் ஊசி ஏற்றி நீர் செலுத்த வேண்டியிருந்தது. நல்ல வேளையாக உயிரிழப்பு நேரவில்லை. காரணம் விளங்காததால் அதற்குப் 'பாம் தீவு மர்ம நோய்' என்றே பெயர் வந்தது.

பிறகு வீடு வீடாக விசாரித்தபோது ஒரு துப்புக் கிடைத்தது. சாலமன் அணை நீர் போகாத வீடுகளில் இந்த நோய் இல்லை. அந்த அணையிலிருந்து எடுத்து வளர்த்த நீலப்பச்சைப் பாசியை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஈரல் கெட்டது. இந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. நஞ்சின் வேதியியல் அமைப்பு 1992இல் தெரியவந்தது.

நடந்தது என்ன? பாசி உயிரோடு இருக்கும்போது நஞ்சின் பெரும்பகுதி அதன் உடலுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. மயில்துத்தம் பாசியைக் கொன்றதும் அந்த உடல் வெடித்து, நஞ்சு முழுவதும் தண்ணீரில் கரைந்தது. நோய்க்குக் காரணம் அதிகமாகிப்போன செம்புதான் என்று வாதிட்டவர்களும் உண்டு. எந்தக் கட்சி சரியானாலும் ஒன்று உறுதி: மருந்து போட்ட நீரைச் சோதித்துப் பார்க்காமல் குழாயில் விட்டிருக்கக் கூடாது.

கழிவுநீர்க் குட்டைக்கும் இதே பாடம் பொருந்தும். அங்கே கழிவைத் தின்று நீரைத் தூய்மைப்படுத்துபவை பாக்டீரியாக்கள். மயில்துத்தம் பாசியோடு அவற்றையும் தாக்கும். செம்பு அழிவதில்லை, அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வெளியேறும் நீரோடு நஞ்சும் ஆற்றுக்குப் போகும். இதனால் அறிஞர்கள் மாற்று வழி தேடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழிவுநீரிலுள்ள நச்சுப் பாசியை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அழிக்கலாம் என்று 2008இல் எழுதினார்கள். அது பிறகு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். செம்பைப் போல் தங்காது. ஆயினும் செத்த பாசியின் நஞ்சைக் கவனிக்கும் பொறுப்பு அங்கேயும் உண்டு.

எந்த மருந்தும் பாசியின் வேரை அறுப்பதில்லை. பாசிக்குச் சோறு போடுவது நைட்ரஜனும் பாஸ்பரசும். மலக்கழிவிலும் மழையில் வழிந்தோடும் உரத்திலும் அவை இருக்கின்றன. அவை நீர்நிலையில் சேராமல் தடுத்தால்தான் பாசி அடங்கும்.

தாய்மார்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். பாசி நஞ்சு போகாது. பச்சைப் படலம் மிதக்கும் நீரைக் குடிக்க வேண்டாம். பிள்ளைகளை அதில் குளிக்க விடவேண்டாம். ஆடு மாடுகளுக்கும் காட்ட வேண்டாம். பொறுப்பானவர்களிடம் எழுத்தில் முறையிடுங்கள். "மருந்து போட்டாயிற்று" என்று பதில் வந்தால், "எப்போது போட்டீர்கள்? அதன்பின் தண்ணீரைச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். பாம் தீவு மக்கள் நேரத்தோடு குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த இரண்டாம் கேள்வியை அன்று கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.